பெருவுக்குப் போன வண்டி

அக்டோபர் 8, செவ்வாய். கார்கிவ்

காலையில் திரையைப் பார்த்தால் எங்கள் ஓட்டுநர் யுகிமின் வேன் தென் அமெரிக்காவில், பெரு நாட்டு விமான நிலையத்தில் நிற்கிறது. எதிரி வானத்து ஜி.பி.எஸ். சிக்னலைத் திரித்துவிட்டால் எங்கள் வண்டிகளெல்லாம் இப்படித்தான் கடல் தாண்டும். மதியம் போர்முனைக் கிராமத்திலிருந்து, ஊரைவிட்டு வெளியேறும் நான்கு பேரை ஏற்றிக்கொண்டு திரும்பி வந்தவர், "அந்த ஊரு லாமா ஆடு ஒண்ணு பிடிச்சிட்டு வந்திருப்பேன் டிப்போக்காரம்மா, வண்டியில இடமில்ல" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

போருக்கு முன் டிராலிபஸ் டிப்போவில் வண்டிகளைக் கண்காணித்தபோது ஒரு வண்டி தாமதமானால் பயணிகள் திட்டுவார்கள், அவ்வளவுதான். இங்கே தாமதமானால் என்ன அர்த்தம் என்று காலையிலிருந்து மாலைவரை யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

அக்டோபர் 10, வியாழன்

புதுப் பெட்டி வந்துவிட்டது. சீட்டுக்கு அடியில் பூட்ட வேண்டும். சிக்னல் போனதும், கடைசியாகச் சரியாகத் தெரிந்த இடத்திலிருந்து சக்கரம் எத்தனை முறை சுற்றியது, வண்டி எந்தப் பக்கம் திரும்பியது என்று தானே கணக்குப் போட்டு இடத்தைக் கண்டுபிடிக்கும்.

யுகிம் கையால்கூடத் தொடவில்லை.

"நான் எங்க இருக்கேன்னு உனக்குத் தெரிஞ்சா எதிரிக்கும் தெரியும். முதுகுல விளக்கைக் கட்டிக்கிட்டு இருட்டுல ஒளிஞ்சுக்கோன்னு சொல்ற."

"காணாமப் போனா எங்க போய்த் தேடுறது யுகிம்? நீங்களே சொல்லுங்க."

"தேடாத."

கடைசியில் ஒரு சமரசம். பெட்டி வாய் மூடியே இருக்கும். வண்டி நெடுநேரம் அசையாமல் நின்றால் மட்டும் ஒரே ஒரு முறை இடத்தைச் சொல்லும். முணுமுணுத்தபடி ஒப்புக்கொண்டார்.

அவர் சொல்வது உண்மையாக இருந்தால்? அந்த ஒரு முறை போதுமே.

அக்டோபர் 11

வேலையில் கை ஓடவில்லை. தேநீர் போட்டுப் போட்டு ஆறவிட்டேன்.

அக்டோபர் 15, செவ்வாய்

எழுதினால் மனசு அடங்கும் என்று எழுதுகிறேன்.

பெரெஸோவே கிராமத்திலிருந்து ஒரு வயதான தம்பதியை ஏற்றிவர யுகிம் விடிந்ததும் கிளம்பினார். மதியமாகியும் வரவில்லை. திரையில் அவர் புள்ளி ஆற்றின் நடுவே, பிறகு பெருவில், பிறகு போனும் செத்துவிட்டது. அப்புறம் பெட்டி பேசியது — கிராமத்துச் சாலையில், பாலத்துக்கு இந்தப் பக்கம். அசையவில்லை.

எங்கள் மெக்கானிக் ஸாவாவை இன்னொரு வண்டியில் அனுப்பினேன். பையன் பறந்துபோனான். ரேடியோவில் வந்தான்.

"அக்கா, இங்க யாருமே இல்ல. வெறும் ரோடு. மேல டிரோன் சத்தம் கேக்குது. சீக்கிரம் சொல்லு, என்ன பண்ணட்டும்?"

பெட்டி பொய் சொல்லுமா? அதற்கு வானம் தேவையே இல்லையே, சக்கரத்தைத்தானே எண்ணுகிறது — சக்கரம்!

"ஸாவா, அவர் வண்டிச் சக்கரத்துல எதையாவது மாத்தினியா?"

"நேத்து டயர் மாத்தினேன். சேத்துக்காகக் கொஞ்சம் பெருசு... ஐயோ அக்கா, உன்கிட்ட சொல்லணும்னு தோணவே இல்ல."

பெரிய டயர் ஒரு சுற்றில் அதிக தூரம் போகும். பெட்டிக்கு அது தெரியாது. அப்படியென்றால் வண்டி பெட்டி சொன்ன இடத்தில் இல்லை. அதே சாலையில், சிக்னல் போன இடத்திலிருந்து இன்னும் தள்ளி. கிராமத்துப் பக்கமாக.

"பாலத்தைத் தாண்டிப் போ."

"தாண்டியா? அது அவங்க பீரங்கிக்கு எட்டுற பக்கம், அக்கா."

"தெரியும். போ."

நான்தான் சொன்னேன். என் வாயால்தான். அதோடு ரேடியோ இரைச்சலாகிவிட்டது. அதற்குப் பிறகு நான் என்ன செய்தேன் என்று ஞாபகமில்லை. திரும்பத் திரும்ப நாற்காலியை மேசைக்குள் தள்ளிக்கொண்டிருந்தேனாம், பக்கத்து அறையில் இருந்தவர்கள் சொன்னார்கள்.

கிடைத்துவிட்டார்கள். பாலத்துக்கு அப்பால், மரங்களுக்கு அடியில், வேன் பள்ளத்தில் மூக்கைக் குத்தி நின்றிருக்கிறது. யுகிமுக்குக் கால் முறிந்திருக்கிறது. பின்னால் கிழவரும் கிழவியும் ஒரே போர்வைக்குள். ஏன் இவ்வளவு நேரம் என்று ஸாவாவைக் கிழவி திட்டினாளாம்.

அவர்களை இடம் மாற்றிக் கிளம்பிச் சாலை வளைவைத் தாண்டியதும் பின்னால் வெடிச்சத்தம். டிரோன். வேன் எரிந்துவிட்டது.

பெட்டி பேசியதைக் கேட்டுத்தான் வந்ததா?

அக்டோபர் 16

கேட்டுத்தான் வந்ததா?

அக்டோபர் 19, சனி

ஆஸ்பத்திரிக்குப் போனேன். யுகிம் பக்வீட் தானியக் கஞ்சியைத் தட்டில் கிளறிக்கொண்டே திட்டினார், உப்பில்லையாம். கால் கட்டோடு தொங்குகிறது. கேட்டுவிடுவது என்று போனவள், சுற்றிவளைத்து என்னென்னவோ பேசினேன்.

அவரே சொன்னார். "மூஞ்சிய ஏன் இப்படி வச்சிருக்க? பெட்டி பேசினத அவன் கேட்டானான்னுதானே? கேட்டிருக்கலாம். கேக்காமலும் இருந்திருக்கலாம். எனக்கெப்படித் தெரியும்? ஆனா முதல்ல வந்தது ஸாவா."

பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். "கிளம்பு. தூக்கம் வருது."

வரும் வழியெல்லாம் அழுதேன். பஸ்ஸில் ஒருவரும் ஏனென்று கேட்கவில்லை. இந்த ஊரில் இப்போது யாரும் கேட்பதில்லை.

நவம்பர் 4, திங்கள்

ஓட்டுநர் பற்றாக்குறை. என்னிடம் லைசென்ஸ் இருக்கிறது. சரி என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன்?

நவம்பர் 12, செவ்வாய்

என் நாற்காலியில் யுகிம். கட்டுப் போட்ட காலை இன்னொரு நாற்காலியில் நீட்டியிருந்தார். கிளம்பும்போது திரையைப் பார்த்தபடியே கேட்டார்:

"பெட்டி பேசட்டுமா, வேண்டாமா? வண்டி உன்னோடது, நீதான் சொல்லணும்."

போன மாதம் இதற்கு என்னிடம் பதில் இருந்தது. யோசிக்காமல் சொல்லியிருப்பேன். இன்று சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அவர் அவசரப்படுத்தவில்லை.

"பேசட்டும்" என்றேன்.

இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு வந்தேன். ஒரு அம்மாளும் அவள் மகளும். சீட்டுக்கு அடியில், வண்டி எப்போது நிற்கும் வாய் திறக்கலாம் என்று, யாரோ மூச்சை அடக்கி உட்கார்ந்திருப்பதுபோலவே இருந்தது. ஒண்ணுக்கு வருகிறது, கொஞ்சம் நிறுத்து என்று அந்த அம்மாள் கெஞ்சினாள்.

ஊர் எல்லை வரும்வரை நான் வண்டியை நிறுத்தவில்லை.