மீதிப் பத்துப் பேர்

என் உசுரான வள்ளிக்கண்ணு அக்காவுக்கு,

நீ கண்ணை மூடி எட்டு மாதமாகிறது. சம்பங்கி இந்த வருஷம் நல்ல விளைச்சல். கீரமங்கலம் மார்க்கெட்டுக்கு இப்போது உன் மருமகள்தான் பூ கொண்டுபோகிறாள், எடையில் உன்னைப் போலவே சண்டை போடுகிறாள். ஆனால் இதைச் சொல்ல நான் உட்காரவில்லை. உனக்கு வந்தது எனக்கும் வந்திருக்கிறது அக்கா.

மூளைக்குள் ஓடும் ரத்தக்குழாயில் அதே புடைப்பு. கூடப் பிறந்தவர்களும் ஸ்கேன் எடுத்துக்கொள்வது நல்லது என்று உன் டாக்டர் அன்றைக்கே சொன்னார், நான்தான் ஆறு வருஷம் தள்ளிப்போட்டேன். வெடித்தால் ஆள் காலி. ஆபரேஷன் செய்தால் பிழைக்கலாம், பிழைக்காமலும் போகலாம். ஒன்றும் செய்யாவிட்டால் கடைசிவரை அது சும்மாவே கிடந்தாலும் கிடக்கும். எதைப் பிடிப்பது, எதை விடுவது? யாரிடம் போய்க் கேட்பேன்?

உன் முறை வந்தபோது தஞ்சாவூரில் அந்த டாக்டர், "நூத்துக்குத் தொண்ணூறு சக்சஸ்" என்றார். மச்சானும் நானும் அந்தத் தொண்ணூறைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு பஸ் ஏறினோம். வீடு வருவதற்குள் அது தொண்ணூற்றைந்தாகி, ஊருக்குள் நூறே ஆகிவிட்டது. நீ மட்டும் ஐயனார் கோயிலில் பூக்கட்டிப் பார்த்துவிட்டு முடிவு சொல்கிறேன் என்றாய்.

பொட்டலம் கட்டியது நான். வெள்ளைப் பூ வந்தால் செய்யலாம், செவ்வரளி வந்தால் வேண்டாம். எங்கே சிவப்பு வந்து தொலைக்குமோ என்று எனக்குப் பயம். இரண்டு இலையிலும் நந்தியாவட்டையையே வைத்து மடித்துவிட்டேன். ஆமாம், சாமி முன்னாலேயே திருட்டுத்தனம். பூசாரி எடுத்துக் கொடுத்த பொட்டலத்தில் வெள்ளை. எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டோம். நீயோ குனிந்து இன்னொரு பொட்டலத்தையும் எடுத்துப் பிரித்தாய். அதை யாரும் பிரித்துப் பார்த்து நான் கண்டதே இல்லை.

ஏசப்போகிறாய் என்று நின்றேன், நீ சிரித்தாய்.

"சாமிய விடுடா, அதுக்கு ஒண்ணும் ஆகாது. அந்த டாக்டரு குடுத்த தொண்ணூறுங்கிற பொட்டலத்தையும் நாம பிரிச்சுப் பாக்கலயே."

மறுவாரம் அவர் எதிரே உட்கார்ந்து, "மீதிப் பத்துப் பேரு என்ன ஆனாங்கய்யா?" என்று ஆரம்பித்தாய். தொண்ணூறு பேரும் எழுந்து நடந்தார்களா, சோற்றைத் தானே அள்ளித் தின்றார்களா, இல்லை மூச்சு இருந்தாலே அது சக்சஸா? இது உங்கள் கையால் செய்த ஆபரேஷன் கணக்கா, புத்தகக் கணக்கா? என் வயசுக்கும் என் புடைப்பு இருக்கிற இடத்துக்கும் அதே தொண்ணூறுதானா? எட்டாம் வகுப்பு தாண்டாத என் அக்கா கேட்கிறாள்! மச்சான் மேசைக்கடியில் உன் கையை அமுக்கினார். நான் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

டாக்டரும் லேசுப்பட்டவர் இல்லை. பத்து நாள் டைம் கேட்டார். மறுபடி போனபோது ஒரு நோட்டைத் திறந்து வைத்திருந்தார். தொண்ணூறு என்பது பெரிய பெரிய ஆஸ்பத்திரிகளின் கணக்கு, தன்னுடையது அல்ல என்றார். தன்னிடம் செய்துகொண்ட பலர் அப்புறம் வரவே இல்லையாம். "வராதவங்கள்லாம் நல்லாருக்காங்கன்னு நானே நெனச்சுக்கிட்டேன்மா. இப்பத்தான் ஒவ்வொருத்தருக்கா போன் போட்டேன்." சிலர் இறந்திருந்தார்கள். சிலருக்குப் பேச்சு திரும்பவில்லை. உன் புடைப்பு பேச்சுக்குரிய இடத்தை ஒட்டி இருப்பதால், உனக்குத் தொண்ணூறு சொல்ல மாட்டேன், அதைவிடக் குறைவுதான் என்றார். உங்கள் இருவரையும் பார்த்துக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது எனக்கு.

"இது நம்புற கணக்கு. செஞ்சுக்கிறேன்யா" என்றாய். பெரிய எண்ணுக்கு அசையாத நீ, சின்ன எண்ணுக்குச் சம்மதித்தாய். எப்பேர்ப்பட்ட மனுஷி நீ! நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் புல்லரிக்கிறது.

பிழைத்தாய், ஆறு வருஷம் இருந்தாய். ஆனால் பேர்களெல்லாம் உன்னைவிட்டுப் போய்விட்டன. என்னை ஒருநாள்கூட "சின்னையா" என்று உன்னால் கூப்பிட முடியவில்லை. வலது கை வராமல் இடது கையால் பூப்பறித்தாய். சொல் கிடைக்காமல் நீ அழுத சாயங்காலங்கள் உண்டு. பேரனை மடியில் போட்டுக்கொண்டு வார்த்தையே இல்லாமல் கொஞ்சிய சாயங்காலங்களும் உண்டு. கடைசியில் நெஞ்சுவலியில்தான் போனாய்.

போன செவ்வாய்க்கிழமை அதே டாக்டர் முன்னால் உட்கார்ந்து உன் கேள்விகளை ஒன்றுவிடாமல் கேட்டேன். நோட்டைப் பார்த்துப் பார்த்துப் பதில் சொன்னார். இப்போது வருஷம் தவறாமல் எல்லோருக்கும் போன் போடுகிறாராம். எல்லாம் கேட்டு முடித்த பிறகு நீ கேட்டிருக்கவே முடியாத ஒரு கேள்வி எனக்கு வந்தது.

"எங்க அக்காவ எந்தப் பக்கம் எழுதிருக்கீங்கய்யா?"

எந்தப் பக்கம் என்று எழுதத் தெரியாமல் ரொம்ப நாள் அந்த இடத்தைக் காலியாகவே விட்டிருந்தாராம். போன வருஷம் மச்சானோடு செக்கப்புக்குப் போனாயே, அப்போது உன்னிடமே நோட்டைக் காட்டிக் கேட்டிருக்கிறார். பக்கத்தைத் திருப்பி என் முன்னால் வைத்தார். சக்சஸ் என்ற கட்டத்துக்குள் கோணல்மாணலாக ஒரு டிக். உன் இடது கை டிக்.

அங்கேயே உட்கார்ந்து அழுதேன் அக்கா. அழுது முடித்துவிட்டு ஆபரேஷனுக்குத் தேதி வாங்கினேன். நான் எப்படி எழுந்தாலும் சரி, என் கட்டத்தை நானே நிரப்புவேன், உள்ளதை உள்ளபடி போடுவேன். இது உன்மேல் சத்தியம்.

உன்னோடு பிறந்தவன்,
தம்பி சின்னையா