போரான் எங்கும் போகாது

11 ஜூன் 1979, திங்கள்

விடாத மழை. கொடியில் போட்ட சேலை மூன்றாம் நாளும் ஈரம். பஜார் தெருவில் கணுக்கால் மூழ்கத் தண்ணீர். கீழே கிடங்கில் சுக்கு மூட்டைகளைப் பலகை மேல் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். எங்கள் லேப் மாடியில் இருப்பதால் தப்பித்தது.

இன்றைக்கு:
– டி.எச்.எஃப். கரைப்பான் வடிக்க (சோடியம் போட்டு, நீலம் வரும் வரை)
– சரக்கு 40 கிராம் நிறுத்து வைக்க
– ஐஸ், கல்லுப்பு
– அம்மாவுக்கு இருமல் மருந்து

நாளை முதலாளி குறுப்பு ஸாருக்குப் பெரிய அளவில் செய்து காட்ட வேண்டும். சரக்குக்கு ஒரு முனையில் அமிலம், மறு முனையில் எஸ்டர். போரானும் ஹைட்ரஜனும் சேர்ந்த போரேன் அமிலத்தை மட்டும் ஆல்கஹாலாக்கும், எஸ்டரைச் சீண்டாது. வேறு எதைப் போட்டாலும் இரண்டையும் மென்று தின்றுவிடும். பிறகு அதை வளையமாக்கினால் கஸ்தூரி வாசனை. போன மாதம் சின்ன அளவில் அருமையாக வந்தது.

போரேன் நானே தயாரித்தது. வாயுவை டி.எச்.எஃப்.பில் பிடித்து, அரை லிட்டர் பாட்டில், ஃப்ரிட்ஜில். காற்றுப் பட்டால் பச்சையாக எரியும் சனியன். என்னோடு வேலை பார்க்கும் கோமதிக்கு அந்த வேலை என்றாலே பயம். ஆனாலும் போன சனிக்கிழமை, நான் லீவில் இருந்தபோது, தனக்கென்று ஒரு பாட்டில் தயாரித்துவிட்டாளாம். கெட்டிக்காரி. சந்தோஷமாக இருந்தது.

நிரந்தர வேலை ஒன்றுதான். தற்காலிகமாக இருப்பவர்கள் நாங்கள் இரண்டு பேர். மாதக் கடைசியில் ஸார் சொல்வார். யாருக்குக் கிடைத்தாலும் மற்றவள் சாயாவும் பழம்பொரியும் வாங்கித் தர வேண்டும் என்று கோ.வுடன் ஒப்பந்தம்.

12, செவ்வாய்

மழை. தோல்வி.

எல்லாம் சரியாகச் செய்தேன். நைட்ரஜன், ஐஸ்-உப்பு, சொட்டுச் சொட்டாக. வாயு வரவேண்டிய மாதிரி வரவில்லை. நாற்பது கிராமில் இருபத்துமூன்று கிராம் அமிலமாகவே திரும்பி வந்தது.

ஸார் எண்ணை மட்டும் குறித்துக்கொண்டு போய்விட்டார். அதுதான் பயம். கோ. தன் டப்பாவிலிருந்து எனக்கு அவியல் எடுத்து வைத்தாள். அவளுடைய ரியாக்‌ஷன் இன்று நன்றாக வந்ததாம். வேறு சரக்கு, அதே போரேன்.

14, வியாழன்

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

ஸார் தன் முன்னாலேயே என் போரேனை அளக்கச் சொன்னார். தண்ணீர் பட்டால் போரேன் ஹைட்ரஜனை விடும், அதைக் குழாயில் பிடித்து அளந்தால் பலம் தெரியும். அளந்தேன். 0.41.

நோட்டில் மே 28ஆம் தேதி நான் எழுதியது 1.02. பக்கத்தில் சாட்சிக் கையெழுத்து, கோமதி. எங்கள் லேபில் எந்த எண்ணையும் பக்கத்தில் இருந்து பார்த்த ஒருவர் ஒப்பமிட வேண்டும். இல்லாவிட்டால் அது எண்ணே இல்லை.

ஸார் அவளைக் கூப்பிட்டார். நீ பார்த்தாயா என்று மலையாளத்தில் கேட்டார். அவள் மேஜை விளிம்பைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "ஞான் கண்டில்ல ஸார். ஒப்பிடான் பறஞ்ஞு, இட்டு."

பார்க்கவில்லையாம். நான் கையெழுத்துப் போடச் சொன்னேனாம், போட்டாளாம்.

அன்றைக்கு எண்ணை வாசித்ததே அவள்தான். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இரண்டு தடவை வாசித்தாள்.

ஸார் நோட்டை மூடினார். பொய் எண் எழுதுகிறவளை வைத்துக்கொண்டு தான் எதையும் விற்க முடியாது என்றார். நான் அளந்த குழாயைக் கழற்றிக் கழுவப் போனேன். எனக்கு வாயா இல்லை? அந்த நேரத்தில் எங்கே போயிற்று?

15, வெள்ளி

கோ.வோடு பேசவில்லை. அவளும் என் பக்கம் வரவில்லை. அவள் ஸாரிடம் என் சார்பில் பரிந்து பேசியிருக்கிறாளாம்: மே கடைசியில் இரண்டு நாள் கரண்ட் இல்லை, ஃப்ரிட்ஜ் சூடாகியிருக்கும், போரேன் கெட்டிருக்கும், பாவம் அவள் வேண்டுமென்று செய்திருக்க மாட்டாள். பாவமாம். குத்திவிட்டு மருந்து தடவுகிறாள்.

அப்படியும் இருக்கலாம் என்பதுதான் கஷ்டம். சூட்டில் போரேன் டி.எச்.எஃப்.பையே உடைத்துக் கெட்டுப்போகும். அப்படியானால் என் எண் சரி, பாட்டில்தான் கெட்டது. ஆனால் பார்க்கவே இல்லை என்றாளே, அது?

பாலக்காட்டிலிருந்து வந்த புதிதில் எங்கள் வீட்டில்தான் மூன்று மாதம் இருந்தாள். அம்மா அவளுக்குத் தனியாகப் புளி குறைத்துக் குழம்பு வைப்பாள். உண்ட வீட்டுக்கு இரண்டகம் என்று புத்தகத்தில் படித்ததோடு சரி.

சாப்பாடு அப்படியே திரும்பி வந்தது. அம்மா: "எந்தாடி, சோறு தொடவே இல்ல? கோமதியும் கழிக்கலியா?" அவளும் சாப்பிடவில்லையா என்று கவலை. வயிறு சரியில்லை என்றேன்.

17, ஞாயிறு

மழை விட்டு வெயில். சேலைகள் காய்ந்தன. முகம் கழுவவில்லை, தலை வாரவில்லை.

மத்தியானம் அண்ணனும் பக்கத்து வீட்டுக் கொங்கணிக்காரரும் கேரம் ஆடினார்கள். பலகையில் போரிக் பவுடர். ஆட்டம் முடிந்ததும் அண்ணி அதைத் துடைத்துத் துடைத்து, எவ்வளவு துடைத்தாலும் போக மாட்டேன் என்கிறது என்று திட்டினாள்.

அறிவுகெட்டவளே, எம்.எஸ்ஸி. எதற்குப் படித்தாய் என்று என்னையே கேட்டேன். மூன்று நாளாக ஹைட்ரஜனையே நினைத்துக்கொண்டிருந்தேன். போரேன் கெட்டால் ஹைட்ரஜன்தான் குறையும். போரான் எங்கும் போகாது, வேறு உருவத்தில் அதே பாட்டிலில் கிடக்கும். மொத்தப் போரானை அளந்தால் 1.02 வர வேண்டும். வந்தால் கரண்ட் மேல் பழி. போரானும் 0.41 என்றால் யாரோ எடுத்துக்கொண்டு வெறும் டி.எச்.எஃப். ஊற்றி நிரப்பியிருக்கிறார்கள்.

கசிந்திருந்தால்? தக்கையைச் சுற்றி வெள்ளையாகப் பூத்திருக்கும். சுத்தமாக இருந்தது. மட்டமும் நான் லேபிளில் பென்சிலால் போட்ட கோட்டிலேயே நின்றது.

கரண்டாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். உண்மை.

18, திங்கள்

ஏழரைக்கே லேப். யாரும் இல்லை.

தண்ணீரில் விட்டு, டி.எச்.எஃப். போகக் கொதிக்கவைத்து, ஆறவைத்தேன். போரிக் அமிலம் சோம்பேறி, தானாகக் காரத்தோடு மல்லுக்கு நிற்காது. மானிடால் போட்டால் ரோஷம் வரும். போட்டு, நிறம் சிவக்கும் வரை காரத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டேன்; எவ்வளவு காரம் பிடிக்கிறதோ அவ்வளவு போரான். சீக்கிரமே சிவந்துவிட்டது.

0.42.
மறுபடி. 0.41.
மறுபடி. 0.42.

ஸ்டூலில் உட்கார்ந்து அழுதேன். நான் பொய்க்காரி இல்லை என்று தெரிந்ததற்கு அழவில்லை. லேபில் ஊசி பிடித்து போரேன் எடுக்கத் தெரிந்தவர்கள் இரண்டே பேர்.

ஸாரிடம் காட்டினேன். நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். கணக்குச் சரி, ஆனால் சாட்சி இல்லாத எண் என்றார். யார் ஒப்பமிடுவது என்று கேட்டேன். அவர் எதிரே கோ.வின் மேஜையைப் பார்த்தார். பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன். வேறு ஆள் இல்லை, முதலாளி கையெழுத்து சாட்சியாகாது.

19, செவ்வாய்

தூறல். அக்கரையிலிருந்து இரண்டாம் படகில்தான் கோ. வந்தாள்.

நோட்டை அவள் மேஜையில் வைத்தேன். ஸார் சொன்னதைச் சொன்னேன், நான் எதை அளக்கிறேன் என்பதையும் சொன்னேன். அவளுக்குப் புரிந்துவிட்டது. மானிடால் டப்பாவைப் பார்த்ததுமே முகம் வெளுத்தது. மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

நான் சொட்டு விட்டேன். அவள் பார்த்தாள். சிவந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு எண்ணை வாசித்தாள். அப்புறம் பேசினாள், என் முகத்தைப் பார்க்காமல். அந்தச் சனிக்கிழமை ஊசி முனையில் பச்சையாகப் பற்றிக்கொண்டதாம். எல்லாவற்றையும் ஐசில் கொட்டிவிட்டாளாம். தன்னால் ஆகவில்லை என்று ஸாரிடம் எப்படிச் சொல்வது? பாட்டிலைத் தயாரித்துவிட்டதாக ஏற்கெனவே சொல்லியாயிற்று. அதனால் என் பாட்டிலிலிருந்து எடுத்துக்கொண்டாளாம்.

என்னிடம் கேட்டிருக்கலாமே என்றேன்.

"கேட்டா நீ குடுப்பேன்னு நேக்குத் தெரியும்டீ. அதான் கேக்கல்லே. நீ குடுத்ததுன்னு ஆயிட்டா, அந்த வேலை பின்னே எப்பவும் நீ குடுத்ததுதானே."

பிறகு பேனாவை எடுத்து, பார்த்தேன், 0.42, என்று எழுதி, தேதி போட்டு ஒப்பமிட்டாள். அழகான கையெழுத்து, எப்போதும் போல.

மூன்று மணிக்கு ஸார் கூப்பிட்டார். வேலை எனக்கு. அவளுக்கு முப்பதாம் தேதி வரை. ஸார் கை கொடுத்தார். என்னைப் பொய்க்காரி என்றதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். அம்மா பாயசம் வைத்தாள், கோமதியையும் கூட்டி வந்திருக்கலாமே என்றாள்.

பாதிப் பாட்டில் கொடுத்திருப்பேன். பக்கத்தில் நின்று ஊசி பிடிக்கவும் சொல்லிக் கொடுத்திருப்பேன். வேலை போனாலும் போகட்டும் என்று இருந்திருப்பேனா? இருந்திருப்பேன். அதை அவள் என்னைவிட நன்றாகத் தெரிந்து வைத்திருந்தாள், தெரிந்துகொண்டுதான் ஸார் முன்னால் பார்க்கவில்லை என்று சொன்னாள்.