அஞ்சலை காட்டிய மட்டம்

1960 நவம்பர் 4, வெள்ளி. திண்டிவனம்.

மூன்றாம் நாளாக மழை. குடைக் கம்பி ஒன்று போயிற்று. சட்டை காயவில்லை, ஈரத்தோடு ஆபீஸ்.

டீக்கடையில் மரக்காணம் பஸ் கண்டக்டர் யாரிடமோ: "ரோடு ஜம்முனு கீதுங்க. மேக்கால உப்பளத்துக்காரங்க தெருவுதான் முழுவிப்போச்சு. தண்ணி போறதுக்கு வழி இல்ல."

டீயைப் பாதியில் வைத்துவிட்டேன். அந்த இடத்து ரோட்டுப் பாலம் ஓவர்சியராக நான் அளவு கொடுத்தது. இரண்டே கண். மேற்கிலிருந்து வருகிற தண்ணீர் ரோட்டைத் தாண்டிக் கடலுக்குப் போக அந்த இரண்டு கண்தான்.

சென்ற வருட டைரியை எடுத்துப் பார்த்தேன். "மணியக்காரர் வீட்டில் மோர். வெள்ள மட்டம் ஒன்றேகால் அடி. மதிய பஸ் பிடித்தேன்." அவ்வளவுதான். அஞ்சலை பற்றி ஒரு வார்த்தை இல்லை.

நடந்ததை இப்போதாவது எழுதி வைக்கிறேன். பாலம் கட்டுமுன் ஊரில் விசாரிக்க வேண்டும். பெருவெள்ளத்தில் தண்ணீர் எதுவரை வந்தது என்று சுவரில் காட்டச் சொல்லி அளக்க வேண்டும். எத்தனை கண் என்பது அதை வைத்துத்தான். நான் மேட்டில் இருக்கிற மணியக்காரர் வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து, அவர் காட்டிய வாசற்படியை அளந்தேன். திரும்பும்போது அந்தத் தெருப் பெண் ஒருத்தி வழிமறித்தாள். காலெல்லாம் உப்பளச் சேறு. பெயர் அஞ்சலை என்றாள். "எங்க வூட்டையும் பாத்துட்டுப் போங்க சாமி." சுவரில் அவள் மார்பளவுக்குப் பழுப்பாக ஒரு கோடு. "இம்மாந்தூரம் வந்துச்சு."

பார்த்தேன். டேப்பை எடுக்கவில்லை. எழுதினால் நான்கு கண். எஸ்டிமேட் மறுபடியும் முதலிலிருந்து. அது மட்டுமில்லை. சேரிப் பெண் சொன்னதை எழுதினால் ஆபீசில் சிரிப்பார்கள் என்று நினைத்தேன். நினைத்தது அதுதான்.

நவம்பர் 5, சனி.

தூறல். விழுப்புரத்திலிருந்து இஞ்சினியர் வந்தார். ஜீப்பில் போனோம்.

பதினொரு வீடு. மண்சுவர் எல்லாம் கரைந்து உட்கார்ந்துவிட்டது. உயிர்ச்சேதம் இல்லை. சனங்கள் ரோட்டு ஓரத்தில், பனையோலைத் தடுப்புக்குக் கீழே. பானைகள், கோழிக்கூடை, இரண்டு ஆடு. ஒரு சாக்கில் நனைந்த கேப்பை, முளைவிட்டிருந்தது. நான் போட்ட ரோடு ஒன்றுதான் காய்ந்த இடம்.

இஞ்சினியர்: "இந்தத் தெருவுல விசாரிச்சீரா?"

"வந்தேன் சார். அன்னிக்கு யாரும் இல்ல. எல்லாரும் உப்பளத்துக்குப் போயிருந்தாங்க."

வாயில் தானாக வந்தது. திரும்பினால் இரண்டு முழம் தள்ளி அஞ்சலை, இடுப்பில் குடத்தோடு. கேட்டிருக்கிறாள். இஞ்சினியர் ஜீப்பில் ஏறியதும் பக்கத்தில் வந்தாள்.

"நான்தான் காட்டினேனுங்களே சாமி. மறந்துட்டீங்க போல. எத்தினி ஊரு சுத்துறீங்க, எங்க ஞாபகம் இருக்கும்."

குத்தலாகச் சொல்லவில்லை. முகத்தை நன்றாகப் பார்த்தேன். திட்டியிருந்தால் தேவலை.

நவம்பர் 6, ஞாயிறு.

மழை விட்டுவிட்டு. செவ்வாய்க்குள் அறிக்கை கொடுக்க வேண்டும். "எதிர்பாராத பெருமழை காரணமாக" என்று தொடங்கினேன். கையெழுத்து அழகாகவே வந்தது. வெட்கமாக இருந்தது.

சாப்பிடும்போது என் மனைவி: "இன்னா, சோத்தப் பெசைஞ்சிக்கினே இருக்கீங்க?"

சொன்னேன். பாலம், சுவர், நான் சொன்ன பொய், எல்லாம்.

"அந்தம்மா பேரு இன்னா?"

"அஞ்சலை."

"பேரு கூட ஞாபகம் இருக்குது உங்களுக்கு." தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

எழுதியதைக் கிழித்தேன். புதிதாக எழுதினேன். தெருவில் காட்டினார்கள், நான் அளக்கவில்லை, தவறு என்னுடையது. வேலை போகுமோ என்று பயம். மட்டம் எழுத வேண்டிய இடம் மட்டும் காலி.

நவம்பர் 7, திங்கள்.

வெயில். ஏழு மணி பஸ். தனியாக. கையில் டேப், விசாரணைப் படிவம்.

அஞ்சலை சேற்றிலிருந்து மூங்கில்களைப் பிடுங்கி அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்கு நான் மறக்கலம்மா. பாத்துட்டுத்தான் எழுதாம வுட்டேன்."

மூங்கிலைக் கீழே வைத்தாள். "அது தெரியுங்க."

அளக்கலாம் என்றேன். அளக்கச் சுவர் இல்லை. பழைய கோடும் சுவரோடு போய்விட்டது. சுவர் இருந்த இடத்தில் அவளே போய் நின்றாள். மார்பில் கை வைத்து, "போன தபா இது." கையைக் கழுத்துக்கு ஏற்றி, "இந்தத் தபா இது."

டேப் நுனியைக் கால் கட்டைவிரலால் அவளே அழுத்திக்கொண்டாள். நாலடி இரண்டங்குலம். எழுதினேன். 'சொன்னவர் பெயர்' என்று ஒரு இடம் உண்டு. போன வருடம் அதில் மணியக்காரர். இன்று அஞ்சலை, உப்பளத் தொழிலாளி.

"எழுதினத படிச்சுக் காட்டுங்க."

படித்தேன்.

"இன்னொரு தபா படிங்க."