இரவல் மூக்கு

ஜூன் 4, 2025, புதன்

அப்பா கடையில் இன்று புதுக் காபிக் கொட்டை வறுத்தார். மதியம் வரைக்கும் மிஷின் ஓடியது. பஜாரில் போகிறவர்கள் எல்லாம் மூக்கை ஒரு தரம் இழுத்துவிட்டுத்தான் நடக்கிறார்கள். நான் மிஷினுக்குப் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன். வாசம் வரவில்லை. சூடு மட்டும் வந்தது. சூட்டுக்கு அருப்புக்கோட்டையில் என்ன பஞ்சம்.

பிப்ரவரியில் வந்த காய்ச்சல் போகும்போது மூக்கையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. வேறு வேலை பார்ப்பவளாக இருந்தால் சமாளித்துவிடலாம். நான் பெங்களூரில் பீர் காய்ச்சுகிறவள். காய்ச்சியதை மோந்து, ருசித்து, இது சரி, இது சரியில்லை என்று சொல்லத்தான் எனக்குச் சம்பளம்.

சொந்தக்காரர்களுக்கு நான் "ஜூஸ் கம்பெனி". அது அம்மா கட்டிய கதை. அப்பா அதைக்கூடச் சொல்வதில்லை. என் வேலையைப் பற்றி இத்தனை வருடத்தில் அவர் வாயைத் திறந்ததே இல்லை.

ஜூன் 6, வெள்ளி

எப்படி மாட்டினேன் என்பதை எழுதி வைத்துவிடுகிறேன். மனசை விட்டாவது போகட்டும்.

ஸ்டவுட் என்கிற பீர் கறுப்பு. பார்லியைக் கருக வறுத்துப் போடுவதால் அந்த நிறம், அந்தக் காபி ருசி, சாக்லேட் ருசி. பார்த்தவுடனே சொல்லிவிடலாம். மூக்கு போன பிறகு நான் அப்படித்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன். கறுப்பாக இருந்தால் "காபி, கருகல்". மஞ்சளாக இருந்தால் "எலுமிச்சை, தேன்". செம்பு நிறமா, "கருப்பட்டி". மூக்கு பார்க்க வேண்டிய வேலையைக் கண் பார்த்தது. ஒருத்தருக்கும் சந்தேகம் வரவில்லை.

அப்புறம் முதலாளி மாதவன் சார் வெள்ளை ஸ்டவுட்டைக் காய்ச்ச வைத்து எடுத்து வந்தார். பெயர்தான் வெள்ளை, நிறம் வெளிறிய பொன். கருகிய பார்லி ஒரு மணி கிடையாது. கனத்துக்கு ஓட்ஸ், வாசத்துக்கு முழுக் காபிக் கொட்டையை ஊறப் போட்டது, கொஞ்சம் கோகோ. எதுவும் சொல்லாமல் கிளாஸை நீட்டினார். நான் பார்த்தேன், மோந்தேன், ஒரு வாய் குடித்தேன். "கோதுமை பீர் சார். எலுமிச்சை. லேசா தேன்" என்றேன். கூட வேலை பார்க்கும் உதயகுமார் சிரித்துவிட்டான், நான் விளையாடுகிறேன் என்று நினைத்து. சார் சிரிக்கவில்லை. மூக்கு போன கதையை அன்றைக்கே என் வாயால் சொல்ல வைத்துவிட்டார்.

"ஊருக்குப் போயிட்டு வா பிரவீணா. ஜூலை கடைசி வரைக்கும் பார்ப்போம். மூக்கு வந்தா உன் இடம் உனக்கு. வரலைன்னா பேக்கிங்ல பார்த்துக்கலாம்."

நல்ல மனுஷர். அதனால் கோபப்படக்கூட முடியவில்லை.

ஜூன் 7, சனி

அம்மா ரெண்டு முழம் மல்லிகை வாங்கித் தலையில் வைத்துவிட்டாள். கனமாக இருந்தது. அவ்வளவுதான்.

ஜூன் 11, புதன்

வெள்ளை ஸ்டவுட்டை வைத்து உதயகுமாரோடு போனில் சண்டை. கறுப்பைக் கண்டாலே கஷாயம் என்று ஓடுகிறவர்களுக்கு ஸ்டவுட்டைக் குடிக்கக் கொடுக்க இதைவிட நல்ல வழி இல்லை என்கிறான். நான் விடவில்லை. முதல் கிளாஸில் ஆச்சரியம் இருக்கும், சரி. ரெண்டாவது கிளாஸில்? கறுப்பு என்ன ஸ்டவுட்டுக்கு மேல்சட்டையா, கழற்றி மாட்டிவிட்டு வர? காபி ருசி மட்டும் போதும் என்றால் எங்கள் அப்பா கடைக்கு வந்து நிற்கச் சொல். இப்படியே கத்தினேன்.

"நீ இன்னும் அதை ருசிச்சே பார்க்கலையே" என்றான்.

உண்மைதான். குடித்தேன், ருசி தெரியவில்லை. என் கோபம் பீர் மேலா, அது என்னைக் காட்டிக்கொடுத்தது மேலா? தெரியாமல் என்ன, ரெண்டாவதுதான்.

ஜூன் 15, ஞாயிறு

உதயகுமார் ஒரு கல்யாணத்துக்கு மதுரை வந்தவன், வெள்ளை ஸ்டவுட் ரெண்டு பாட்டில் கொடுத்துவிட்டுப் போனான். இது அடுத்த தடவை காய்ச்சியது. பெங்களூரில் எங்கள் பப்பில் தொடர்ந்து ஊற்றலாமா, நிறுத்திவிடலாமா, பிரவீணா அபிப்பிராயம் வேண்டும் என்றாராம் சார். அபிப்பிராயம் இல்லை, பரீட்சை.

பேப்பரில் சுற்றி ஃப்ரிட்ஜில் மாவுச் சட்டிக்குப் பின்னால் வைத்தேன். அப்பா தண்ணீர் எடுக்கத் திறந்தார். பார்த்தார். பக்கத்தில் இருந்த சாமிப் பூவை மட்டும் எடுத்து மேல்தட்டில் வைத்துவிட்டு மூடினார்.

ஜூன் 18, புதன்

ஒன்றைத் திறந்தேன். கண்ணைத் திறந்து வைத்துக் குடித்தால் எலுமிச்சை மாதிரி ஒரு நினைப்பு. கண்ணை மூடினால் கொஞ்சம் கசப்பு, கொஞ்சம் இனிப்பு, வழவழப்பு. மற்றபடி வெறும் தண்ணீர். அடுப்படியிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

அம்மா வந்து நின்றாள்.

"குடிக்கல்லாம் மாட்டேன். மோந்து வேணா பாக்குறேன், குடு இங்க."

"வேணாம்மா."

"குடுடீ."

கிளாஸைத் தள்ளிப் பிடித்து, குழந்தை மருந்தைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். "பாத்தா சர்பத்து மாதிரி இருக்கு." அப்புறம் கண்ணை மூடி மோந்தாள். "ஏ, நம்ம கடை வாசம்டி! உங்கப்பா சட்டையக் கழட்டிப் போட்டா அடிக்குமே, அது." இன்னொரு தரம் மோந்தாள். "அடியில மாவு புளிச்ச வாசம். மிட்டாய் வாசமும் இருக்கு. ஆனா கருகல் இல்ல. காபி இருக்கு, கருகலக் காணோம்."

விரலில் ஒரு சொட்டுத் தொட்டு நாக்கில் வைத்துவிட்டாள்! அந்த முகத்தை நான் படம் எடுத்திருக்க வேண்டும். வாயைக் கொப்பளித்து, தலைக்குக் குளித்து, அப்புறம்தான் விளக்கேற்றினாள்.

ஜூன் 19, வியாழன்

அனுப்பிவிட்டேன். அம்மா சொன்னதை என் பாஷையில் எழுதி, என் பெயரைப் போட்டு. கடைசி வரி: காபி இருக்கிறது, கருகல் இல்லை, அதனால் ஸ்டவுட் என்று நம்பக் கொஞ்சம் கஷ்டம்.

சார் உடனே போன் பண்ணினார். "அந்தக் கடைசி வரி இருக்கே, அதைத்தான் நானும் நினைச்சேன். மூக்கு வந்துருச்சா? கிளம்பி வா." சரி சார் என்றேன்.

ஜூன் 20, வெள்ளி

சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும்.

ஜூன் 24, செவ்வாய்

பெட்டி கட்டியாகிவிட்டது. சொல்லிக்கொள்ளக் கடைக்குப் போனேன். உள்ளே நுழைந்ததும், டயரைக் கொளுத்திச் சாக்கடையில் முக்கியது போல ஒரு நாற்றம். எலி ஏதும் செத்துக் கிடக்கிறதா என்று மூட்டைக்கு அடியில் எல்லாம் குனிந்து பார்த்தேன். பக்கத்துக் கிராமம் பரளச்சியிலிருந்து தூள் வாங்க வந்த ஒருத்தர் வேறு நின்றுகொண்டிருக்கிறார், அவர் முன்னாலேயே, "என்னப்பா இப்பிடி நாறுது?" என்று கேட்டுவிட்டேன். அப்பா முகம் செத்துப்போனது.

"இன்னைக்கு அரைச்ச தூளு" என்றார்.

வீட்டுக்கு வந்து அம்மா போட்ட காபியும் அதே நாற்றம். மூக்கு போனது போதாது என்று இது வேறா? இனிமேல் என்னத்தைக் காய்ச்சுவது? போதும்டா சாமி.

ஜூன் 26, வியாழன்

ரயிலுக்குப் போகவில்லை. வயிறு சரியில்லை என்று சாருக்கு ஒரு பொய். இது ரெண்டாவது.

முன்பு பார்த்த மதுரை டாக்டருக்குப் போன் பண்ணினேன். நல்ல அறிகுறியாம். செத்த நரம்பு மறுபடி முளைக்கும்போது ஒயரைத் தப்பாகக் கோர்த்துக்கொள்ளுமாம். நிறையப் பேருக்குக் காபிதான் முதலில் நாறுமாம். மாதக்கணக்கில் ஆகலாம், சிலருக்கு முழுசாகச் சரியாகாமலும் போகலாம். காபித்தூள், எலுமிச்சைத் தோல், பெருங்காயம், மல்லிகை, தினமும் காலையும் மாலையும் மோந்து பழகச் சொன்னார்.

ஜூன் 29, ஞாயிறு

அம்மாவிடம் ரெண்டாவது பாட்டிலைக் கொடுத்து, மூன்று டம்ளரில் ஊற்றச் சொன்னேன். ஒன்றில் பீர், ஒன்றில் சர்பத், ஒன்றில் தண்ணீர். கண்ணைக் கட்டிக்கொண்டேன்.

முதல் டம்ளர், இல்லை. அடுத்தது, இல்லை. மூன்றாவதை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுவந்ததுதான் தெரியும், வாந்தியே வந்துவிட்டது. அதே டயர், அதே சாக்கடை. "இதும்மா! நாறுதும்மா! நாறுது!" என்று கத்தினேன். சிரிக்கிறேனா அழுகிறேனா என்று எனக்கே தெரியவில்லை.

"நாத்தம் அடிக்கிதுன்னு சந்தோசப்படுறவ ஒலகத்துலயே நீ ஒருத்திதாண்டி" என்றாள் அம்மா. அவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கண் பார்க்காமல், யாரும் சொல்லாமல், அந்த வெளிறிய பீருக்குள் காபி இருப்பதை நானே கண்டுபிடித்தேன். குடிக்கவே முடியாது. ஆனாலும் வெள்ளை ஸ்டவுட்டைப் பற்றி நான் இதுவரை சொன்னதில் இது ஒன்றுதான் என் சொந்த அபிப்பிராயம்.

சாருக்குப் போன் பண்ணி எல்லாவற்றையும் சொன்னேன். அது அம்மா மூக்கு சார், என்னுது இல்ல. "பேக்கிங்குக்கு வா. மத்தது அப்புறம் பார்ப்போம்" என்றார். குரலில் பழைய ஒட்டுதல் இல்லை. இருக்குமா பின்னே?

அப்பாவிடமும் சொன்னேன், நாறியது தூள் இல்லை, என் மூக்கு என்று. ம் என்றார்.

ஆகஸ்ட் 11, திங்கள், பெங்களூர்

நாள் முழுக்க மூடி போட்ட பாட்டில்களைப் பெட்டியில் அடுக்கினேன். முதுகு விட்டுப்போகிறது. வெள்ளை ஸ்டவுட்டைத் தொடர்ந்து ஊற்றுகிறார்கள், நன்றாகவே போகிறது. உதயகுமார் ஜெயித்துவிட்டான்.

ராத்திரி சாப்பிட்டதும் வழக்கம்போல் அம்மா போன். எடுத்தவுடன் அதே கேள்விதான்: "காபித்தூளு இன்னைக்கும் நாறுச்சா?"

"நாறுச்சும்மா. ஆனா நடுவுல, ஒரே ஒரு செகண்டு, அப்பா கடை வாசம் வந்துட்டுப் போச்சு."

போன் கை மாறுகிற சத்தம் கேட்டது. அப்பா. ஒரு தரம் செருமினார்.

"அந்த பீர்ல என்ன கொட்டை போடுதாக? உருண்டப் பீபரியா, சாதாவா?"

"தெரியலப்பா. இன்னும் அந்த அளவுக்கு வரல."

"சரி. வந்ததும் சொல்லு" என்றார்.