சூசை அண்ணன் அன்று குடிக்கவில்லை

என் உயிரான சூசை அண்ணே,

நீங்கள் போய் ஐந்து வருஷம் கழித்து எழுதுகிறேன். தோட்டமே படிக்கட்டும் என்றுதான் இதைப் பத்திரிகைக்குக் கொடுக்கிறேன்.

குடித்த நாட்களில் நீங்கள் எப்படி இருந்தீர்கள் என்பதை மறைக்கப் போவதில்லை. விறகுக்கட்டையால் மதினியின் மணிக்கட்டை முறித்தீர்கள். உங்கள் மகள் ரோஸ்லின் கட்டிலுக்கடியில் ஒளிந்து தூங்கினாள். பிறகு கோயிலில் சத்தியம் செய்தீர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் கை நடுங்கத் தொடங்கினால், கடைசித் தேயிலை மலையையும் தாண்டி மேலே உள்ள புல்வெளிக்கு ஏறிவிடுவீர்கள்.

“அந்தக் காத்துல நின்னா நடுக்கம் நிக்குது தங்கச்சி. வெயில் முதுகுல பட்டா பசிக்குது” என்பீர்கள். ஆறு மாதத்தில் கன்னத்தில் சதை வைத்தது. “புல்லு மேயப் போற மாடு மாதிரி கொழுத்துட்டாரு” என்று மதினி சிரித்தார். அவர் சிரித்து எத்தனை காலமாகியிருந்தது?

அந்த ஞாயிறு நான் தலவாக்கலையிலிருந்து பஸ்ஸில் வந்திருந்தேன். மத்தியானத்திலிருந்து மழையும் காற்றும் லயத்து வீடுகளின் கூரைத் தகரங்களைப் பிய்த்து எறிந்துகொண்டிருந்தன. பொழுது சாயும் நேரத்தில் இரண்டு பேர் புல்வெளிப் பக்கமிருந்து உங்களை அக்குளில் பிடித்து இழுத்து வந்தார்கள். நாக்கு குழறியது, கால்கள் பின்னிக்கொண்டன. “எரியுது, எரியுது” என்று சட்டையைக் கிழித்தீர்கள். இடுப்புச் சாரத்தையும் அவிழ்க்கப் போனீர்கள். ரோஸ்லின் பயந்து கட்டிலுக்கடியில் ஒளிந்துகொண்டாள்; லயமே வாசலில் நின்று பார்த்தது. “மலை உச்சியில யாரு சூசை கடை போட்டிருக்கா?” என்றான் ஒருவன்.

நான் அறைந்தேன். “வெக்கமில்ல உனக்கு?” என்று கேட்டேன். வாழ்நாளில் உங்களை ‘உனக்கு’ என்றது அன்று மட்டும்தான். பல்லில் பட்டு உதடு கிழிந்தது. யாரோ அந்நியரைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தீர்கள். மறுபடியும் அறைந்தேன். முடியைப் பிடித்துப் தண்ணீர்ப் பீலிக்கு இழுத்துப்போய், போதை இறங்கட்டும் என்று வாளி வாளியாக அந்த ஊற்றுத் தண்ணீரைத் தலையில் கொட்டினேன். மூன்றாவது வாளிக்குப் பிறகு நீங்கள் கையை உயர்த்தித் தடுக்கவில்லை. போதை தெளிகிறது என்று நினைத்தேன்.

நான் படித்தவள், ஆசிரியை. உங்கள் வாயை ஒருமுறை முகர்ந்து பார்க்க ஏன் எனக்குத் தோன்றவில்லை?

நீங்கள் மறுபடி கண் திறக்கவில்லை. குடித்தே செத்தான் என்று சொல்லிப் புதைத்தார்கள். மதினி உங்கள் படத்தைச் சுவரில் மாட்டவில்லை.

ரோஸ்லினுக்கு இப்போது பதினைந்து வயது. என்னோடு தங்கிப் படிக்கிறாள். உங்கள் கால்கள் அவளுக்கு. மலையைக் கண்டால் நிற்காது. போன மாதம் ஒரு சனிக்கிழமை அதே புல்வெளிக்கு ஏறினோம். இறங்கும்போது மழை பிடித்துக்கொண்டது. காற்று அவளை இரண்டு தடவை கீழே தள்ளியது. மூன்றாவது தடவை எழுந்தவள் தள்ளாடினாள். “அத்தை, எரியுது” என்று குழறியபடி ஸ்வெட்டரைக் கழற்றினாள்.

என் கை ஓங்கிவிட்டது, அண்ணே. தேத்தண்ணியைத் தவிர எதையும் குடித்தறியாத பிள்ளை மேல். ஓங்கிய கை அப்படியே நின்றது.

கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குத் தூக்கி ஓடினேன். அங்கிருந்த பெண்கள் ஈரத்துணியைக் களைந்து கம்பளியால் சுற்றினார்கள். நான் மார்போடு இறுக்கி அணைத்துக்கொண்டேன். வந்து பார்த்த தோட்டத்து மருந்துக்காரர் சொன்னார்: “குளிர் உள்ளுக்க எறங்கிட்டா இப்படித்தான் டீச்சர். நாக்கு குழறும், எரியுதும்பாங்க, உடுப்ப அவுப்பாங்க. அசல் குடிகாரன் மாதிரியே இருக்கும். தெரியாம அடிச்சு, பச்சத் தண்ணி ஊத்தினா அவ்வளவுதான், நெஞ்சு நின்னுரும்.”

அவள் தேறிய பிறகு, உங்களுக்கும் அன்று இப்படித்தான் ஆனது என்று சொன்னேன்.

“அப்ப அப்பா குடிக்கலையா?”

“இல்லடி.”

“தண்ணி ஊத்துனது யாரு?”

“நான்தான்.”

இரண்டு கைகளாலும் என் முகத்திலும் நெஞ்சிலும் குத்தினாள். நான் தடுக்கவில்லை. என் உதடும் கிழிந்தது. களைத்துப்போய்ச் சொன்னாள்: “அம்மாகிட்ட நீங்களே போய்ச் சொல்லுங்க.”

சொல்லிவிட்டேன். மதினி எழுந்து உள்ளே போனார். பெட்டியின் அடியிலிருந்து உங்கள் படத்தை எடுத்து, முந்தானையால் துடைத்து, சுவரில் மாட்டினார். எனக்குத் தேத்தண்ணி தரவில்லை.

ரோஸ்லினின் மலையை நான் பறிக்கமாட்டேன். மாற்றுத்துணியும் கம்பளியும் இனி என் பையில் இருக்கும். மேகம் இறங்கியதும் திரும்பிவிடுவோம். திங்கட்கிழமை விடியலில், வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில், அன்று வாசலில் நின்று பார்த்த அத்தனை பேர் முன்னாலும் இதை வாசிப்பேன். யாராவது என்மேல் தண்ணீரை ஊற்றினால், கையை உயர்த்தமாட்டேன்.

உங்களை அடித்த கையால் எழுதும்
தங்கச்சி பிலோமினா