‘மாமா’ என்று நீ எழுதிய டிஸ்க்

ரெய்னர்ஸ் லேன்,
24.10.96, வியாழன் இரவு.

அன்பு மகள் யசோவுக்கு,

இந்த நேரத்தில் இருந்து எழுதுகிறேன் என்று கோபிக்காதே. மணி ஒன்றே கால் ஆகிவிட்டது. நித்திரை முழித்து எழுதும் கடிதத்தை இனிமேல் பிரிக்கவே மாட்டேன் என்று போன மாதம் நீ சொன்னது நினைவிருக்கிறது, இந்த ஒன்றை மட்டும் பொறுத்துக் கடைசிவரை வாசி. இங்கே நாங்கள் மூன்று பேரும் பிள்ளையார் துணையில் சுகமாக இருக்கிறோம், அந்தக் குளிருக்குள் நீயும் தடிமன் காய்ச்சல் இல்லாமல் நேரத்துக்குச் சாப்பிட்டுக்கொண்டு இருக்க வேண்டும் என்பதுதான் காலையும் மாலையும் என் மன்றாட்டம். அப்பா இரவு ஷிப்டுக்குப் போய்விட்டார், ஆனந்தன் மாமா முன்னறையில் படுத்திருக்கிறார். போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறேன் என்று யோசிப்பாய். ரெலிபோன் ஹோலில் இருக்கிறது, மாமாவின் அறைக் கதவு அதற்கு நேரே. நான் சொல்லப்போவது அவர் காதில் விழக்கூடாது. உங்கள் ஹொஸ்டல் போனும் எடுப்பவர் யாரென்று தெரியாத போன். அதனால்தான் கடிதம்.

முதலில் கொம்பியூட்டர் புதினம். பின்னேர வகுப்பில் இந்தத் தவணை முழுக்கப் புதுச் சிஸ்டத்தில்தான் படிப்பிக்கிறார்கள், வீட்டிலும் அதுவே இருந்தால்தான் பழகலாம் என்று எங்கள் ரீச்சர் பியற்றிஸ் சொன்னா. அவவும் எங்கடை ஆள்தான், கொழும்பில் வளர்ந்தவ, என்னைவிட இரண்டு வயது இளமை, என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவா. விஜயதசமி அன்று புதிதாக ஒன்றைத் தொடங்கினால் நல்லது என்று பார்த்து, திங்கட்கிழமை அப்பா வேலைக்குப் போனபிறகு நானே போட்டேன். பழையதின் மேலே போடப் பார்த்தால் இரண்டு தரமும் மூன்றாவது டிஸ்க்கோடு நின்றுவிட்டது. பிறகு பியற்றிஸ் எழுதித் தந்த தாளைப் பார்த்து, உள்ளே இருந்ததை எல்லாம் துடைத்துவிட்டு ஒன்றிலிருந்து தொடங்கினேன். பதின்மூன்று டிஸ்க், ஒவ்வொன்றாய்க் கேட்டுக் கேட்டு விழுங்கியது. நடுவில் நீ உலகத்தில் எங்கே இருக்கிறாய் என்று ஒரு பெரிய படத்தைப் போட்டுக் கேட்டது. என் கை தன்பாட்டில் கொழும்புக்குப் போய்விட்டது. தேத்தண்ணிக் கோப்பையோடு பின்னால் நின்ற மாமா, லண்டனை எடுங்கோ அக்கா, நாங்கள் இங்கைதானே நிக்கிறம் என்றார். எடுத்தேன். போட்டு முடிந்தபிறகு வந்த கரைச்சல்களைக் கேள். பதினாறு நிறம்தான் வந்தது, எழுத்தெல்லாம் பூசணிக்காய் மாதிரிப் பெரிதாய். உன் மேசை லாச்சிக்குள் தேடி, ஸ்கிரீன் கார்ட்டோடு வந்த டிஸ்க்கை எடுத்துப் போட்டுச் சரிசெய்தேன். பவுண் அடையாளத்தை அமத்தினால் வேறொன்று வந்தது, மேற்கோள் குறி இருக்க வேண்டிய இடத்தில் சுழி போட்ட ஒரு ‘ஏ’ வந்தது. கீபோட் உடைந்துவிட்டது என்று பயந்தேன். அது தன்னை அமெரிக்காக் கீபோட் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறது, செட்டிங்ஸில் போய் பிரிட்டிஷ் என்று மாற்றினேன். பிறின்ரர் இரண்டு நாள் கடதாசி கடதாசியாய்ப் பூச்சி பூச்சியாய் அடித்தது, பட்டியலில் எங்கள் பிறின்ரரின் பெயர் இல்லையென்று அதற்குக் கிட்டவான பெயரை எடுத்துவிட்டது என் பிழை. அதுவும் சரிவந்துவிட்டது. அப்பா வந்து பார்த்து, இனி நீர் வீட்டு வாசலிலை போர்ட் மாட்டலாம் என்று பகிடி விட்டார்.

இவ்வளவையும் ஏன் எழுதுகிறேன் என்றால், எழுத வேண்டியதை எழுத எனக்கு மனம் வரவில்லை. மாமாவின் அகதி வழக்குக்கு எழுதின வாக்குமூலம் திறபடுகிறதில்லை, யசோ. ஓகஸ்டில் மூன்று பின்னேரம் அவர் சொல்ல, நான் இங்கிலிஷில் சொல்ல, நீ டைப் பண்ணிய அந்தப் பதினொரு பக்கம். எல்லாம் துடைக்க முன்னம் வேண்டியதை ஒரு டிஸ்க்கில் எடுத்து வை என்று பியற்றிஸ் சொன்னபடி சனிக்கிழமையே எடுத்து வைத்தேன். நீ ‘மாமா’ என்று உன் கையெழுத்தில் லேபிள் ஒட்டி வெறுமையாய் விட்டுப்போன டிஸ்க் லாச்சிக்குள் இருந்தது, அதில்தான். ஒரே ஒரு பிரதி. அது திறபடுகிறதா என்று ஒரு தரம் போட்டுப் பார்க்கவில்லை. கம்பஸில் நாலு வருடம் பௌதிகம் படித்தவள், எதையும் இரண்டு தரம் அளந்து பார் என்று சொல்லித் தந்த படிப்பு அது. இப்போது அதைப் போட்டால், இந்த டிஸ்க் ஃபோர்மற் பண்ணப்படவில்லை, இப்போது பண்ணட்டுமா என்று ஸ்கிரீன் கேட்கிறது. யெஸ் என்று ஒரு பெட்டி, நோ என்று ஒரு பெட்டி. நேற்றுவரை ஒவ்வொரு தரமும் நோவை அமத்திவிட்டு வெளியே எடுத்தேன்.

டிஸ்க் பழுது என்று அப்பாவிடம் சொன்னேன். அது பாதி உண்மை. மற்றப் பாதியை உனக்குச் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை சரஸ்வதி பூசை. வகுப்புப் புத்தகம், கொப்பி, உன் பழைய அகராதி, கீபோட், எல்லாவற்றையும் கும்பத்துக்கு முன்னால் வைத்தேன். புதுச் சிஸ்டத்தின் பெட்டி உடைக்காமல் இருந்ததால் பெட்டிக்கு மேலேயே பொட்டு வைத்தேன். மாமாவின் டிஸ்க்கையும் வைத்தேன். வாணியின் காலடியில் இருக்கட்டும், என் தம்பியின் வழக்கு வெல்லட்டும் என்று நினைத்துத்தான் வைத்தேன் பிள்ளை. சந்தனமும் குங்குமமும் வைக்கும்போது லேபிளில் வைத்தால் உன் எழுத்துக் கரைந்துவிடும் என்று, மற்ற அந்தத்தில் இருக்கிற தகட்டின்மேல் வைத்தேன். நல்லாய்த் தண்ணி விட்டு உரைத்த சந்தனம். அந்தத் தகடுதான் உள்ளே போனால் திறக்கும் கதவு என்று எனக்குத் தெரியாதா. தெரியும். வகுப்பில் படம் கீறிப் படித்திருக்கிறேன். கை பழக்கத்தில் போய்விட்டது. அடுத்த நாள் காய்ந்ததைத் துடைத்துவிட்டுத்தான் எடுத்து வைத்தேன், உள்ளே போனது எனக்குத் தெரியவில்லை.

நேற்று வகுப்பு முடிய பியற்றிஸிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவ தகட்டை நகத்தால் தள்ளிப் பார்த்துவிட்டு மூக்குக்குக் கிட்டப் பிடித்து, கௌரியக்கா, இதுக்குள்ளை கோயில் வாசம் வருது என்றா. சிரிக்கவில்லை, என் முகத்தைப் பார்த்திருப்பா. திரும்பத் திரும்பப் போட்டால் அந்தத் தூள் உள்ளே தேய்த்துக்கொண்டே போகும், இனித் தொடவேண்டாம் என்று சொன்னா. உறையைப் பிளந்து, உள்ளே இருக்கிற மெல்லிய வட்டத்தை எடுத்துச் சுத்தத் தண்ணியில் கழுவிக் காயவைத்து, வேறொரு உறைக்குள் போட்டு ஒரு தரம் வாசிக்கப் பார்க்கலாமாம், ஒரே ஒரு தரம்தானாம், கீறு விழுந்திருந்தால் அதோடு சரியாம். வேறு எங்கேயும் பிரதி இல்லை என்று நிச்சயம் தெரிந்தால்தான் கை வைப்பேன் என்றா. அடுத்த சனிக்கிழமை, இரண்டாந் தேதிவரை பொறுக்கச் சொல்லியிருக்கிறேன். இன்னொரு பிரதி உன்னட்டை இருக்குமோ என்பதுதான் என் கேள்வி. நீ போகும்போது ஒரு பெட்டி டிஸ்க் கொண்டு போனாய். ஒன்றொன்றாய்ப் போட்டுப் பார், பெயர் எழுதாததையும் பார்.

மாமாவிடம் இன்னொரு தரம் கேட்டால் என்ன என்று நீ நினைக்க மாட்டாய், ஆனால் வழக்கைப் பார்க்கிற சொலிசிற்றர் ஜம்புநாதன் நினைக்கிறார். அவருக்கு நாலாந் தேதிக்குள் வாக்குமூலம் கைக்கு வரவேண்டும், பதினெட்டாந் தேதி வழக்கு. விசயத்தைச் சொன்னேன். அதனால என்னங்க, இன்னொரு தடவை உட்கார்ந்து சொல்லச் சொல்லுங்க, ஒரு மணி நேர வேலைதானே என்றார். நல்ல மனிதர், அவரைக் குறை சொல்ல முடியாது, அவர் அந்த மூன்று பின்னேரமும் எங்கள் வீட்டில் இருக்கவில்லை. அதுக்குப் பிறகு மாமா நாலு நாள் சோறு தொடாததும், கதிரையில் இருந்தபடியே நித்திரை கொண்டதும் உனக்குத் தெரியும். அதனால்தானே எழுதினதை வாசித்துக் காட்டவும் விடவில்லை, அடுத்த கிழமை, அடுத்த கிழமை என்று தள்ளினார், கையெழுத்து வைக்காமல் கொடுக்க ஏலாது என்று நானும் மெசினுக்குள்ளேயே விட்டுவிட்டேன். இப்போது மூன்று கிழமையாகத்தான் கட்டிலில் படுத்து, விளக்கை நிற்பாட்டி நித்திரை கொள்கிறார். அவரை எழுப்பி, தடுப்புக் காவலில் கிடந்த அந்த ஏழு மாதத்தையும் திரும்ப ஒருக்கால் முதலிலிருந்து சொல்லு என்று நான் எப்படிக் கேட்கிறது.

நேற்றுப் பின்னேரம் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். வகுப்புக்குப் போக முன்னம் அந்த டிஸ்க்கைக் கடைசியாய் ஒரு தரம் போட்டுப் பார்த்தேன். அதே கேள்வி வந்து நின்றது. அடுப்பில் பால் பொங்கும் மணம் வர ஓடிப்போனேன். திரும்பி வந்தால் மாமா என் கதிரையில் இருக்கிறார், கை மவுசில். இது என்ன கேக்குது அக்கா என்றார். உள்ளே இருக்கிறதை எல்லாம் அழித்துவிட்டுப் புதிதாக்கட்டுமா என்று கேட்கிறது என்றேன். ஆருடைய டிஸ்க் என்று கேட்டார், வகுப்பு டிஸ்க் என்று சொன்னேன். என் தம்பிக்கு இந்த வயதுவரை நான் சொன்ன முதல் பொய் அது. அவர் அந்த இரண்டு பெட்டியையும் கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “இது நல்ல மெசின் அக்கா. அழிக்க முன்னம் கேக்குது,” என்றார். தானே நோவை அமத்திவிட்டு எழும்பிப் போய்ப் பாலுக்குச் சீனி போட்டார். என் பொய்யை நம்பினாரோ இல்லையோ எனக்குத் தெரியாது.

அந்தச் சொல் இரண்டு நாளாய் என் காதை விட்டுப் போகவில்லை. நானும் ஒருவரையும் கேட்கவில்லை என்று நினைவு வந்தது. உன்னை நான் கேட்கவில்லை, யசோ. மாமாவின் கதையை எழுத வேண்டும், உன் விரல் கெதி, உன் இங்கிலிஷ் நல்லது, வா என்று கதிரையில் இருத்திவிட்டேன். இரண்டாம் நாள் அவர் அந்த அறையைப் பற்றிச் சொன்னபோது நீ ஒரே சொல்லை மூன்று தரம் டைப் பண்ணி மூன்று தரம் அழித்தாய். தண்ணி குடிச்சிட்டு வாறன் என்று எழும்பி, பின்வளவில் மழைக்குள் போய் நின்றாய். குசினி யன்னலால் பார்த்தேன். தலை நனைய வந்து, எங்கே விட்டனான் அம்மா என்று கேட்டுத் திரும்ப எழுதத் தொடங்கினாய். போதும் பிள்ளை, எழும்பு என்று அன்று நான் சொல்லியிருக்க வேண்டும். வழக்கு, திகதி, பதினொரு பக்கம் என்று அதையே நினைத்தேன். பத்தொன்பது வயதுப் பிள்ளை கேட்கக்கூடிய கதையா அது என்று நினைக்கவில்லை. அதுக்குப் பிறகு நீயும் அதைப்பற்றி ஒரு சொல் கதைக்கவில்லை, நானும் கேட்கவில்லை. அந்தப் பிரதியை உன்னால் வைத்திருக்க முடியாமல் நீயே அழித்திருந்தால், அதற்காக என்னிடம் ஒரு காரணமும் சொல்லத் தேவையில்லை. கோபிக்க மாட்டேன், சத்தியமாய்.

இருந்தால் திறந்து வாசிக்காதே. பெயரை மட்டும் பார்த்து, இன்னொரு டிஸ்க்கில் ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொண்டு, இதோடு வைத்திருக்கிற தடித்த உறைக்குள் மட்டையின் நடுவில் வைத்து அனுப்பு, முத்திரை ஒட்டியிருக்கிறேன். இல்லையென்றால், இல்லை என்று ஒரு வரி எழுது. அப்போது பியற்றிஸ் சனிக்கிழமை அந்த உறையைப் பிளப்பா. அதுவும் சரிவராவிட்டால் நான் மாமாவுக்கு முன்னால் போய் இருந்து, சந்தனம் வைத்தது நான்தான் என்பதைச் சொல்லிவிட்டு, முதலில் கேட்பேன். அவர் ஓம் என்றால் இந்த முறை டைப் பண்ணுவதும் நான்தான். என் விரல் மெதுவாகத்தான் போகும். அவர் நிற்பாட்டச் சொன்ன இடத்தில் நிற்பாட்டலாம். நீ அங்கே இருந்து உன் படிப்பைப் பார். நீ இங்கே போன் பண்ணினால் மாமாதான் முதலில் எடுப்பார், அவரிடம் டிஸ்க் பற்றி வாயே திறக்காதே, சாப்பிட்டியா என்று அவர் கேட்டால் சாப்பிட்டேன் என்று சொல்லு, அதில் அவருக்கு ஒரு நிம்மதி.

வருகிற ஞாயிறு மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் திருப்ப மறக்காதே, போன வருடம் ஆளில்லாத வகுப்புக்குப் போய் இருந்தனீ. இரும்புச்சத்துக் குளிசையை நிற்பாட்டாதே. பின்னேரம் நாலு மணிக்கே இருட்டும் என்கிறாய், தனிய நடக்காதே, இரண்டு பேராய்ப் போ. பிள்ளையார் உனக்குத் தெளிவான மனதையும் நல்ல நித்திரையையும் தரட்டும். உன் தலையில் கை வைத்து ஆசீர்வதித்ததாக நினைத்துக்கொள்.

இந்தக் கடிதம் சனிக்கிழமை உன் கைக்கு வரும். அன்றைக்கே டிஸ்க்குகளைப் பார்த்து, திங்கட்கிழமைத் தபாலில் பதில் போடு.

உன் அம்மா,
சிவகௌரி