சந்தைச் சுவரில் றினாஸின் சைக்கிள்

சாய்ந்தமருது
12.06.2010

அன்பு மகன் மசூருக்கு வாப்பா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே உடம்புக்குக் குறையில்லை, கட்டார் வெயிலில் நீயும் சுகமாக இருக்க துஆச் செய்கிறோம். உம்மாவுக்கு முழங்கால் வலி, சொன்னாலும் சும்மா இருக்கமாட்டாள். சிறுபோக நெல்லுக்குத் தண்ணீர் ஒழுங்காக வருகிறது, அதில் ஒரு கவலையும் இல்லை. கவலை உன் தங்கை ஹப்ஸாதான். அவள் என்னோடு கதைத்துப் பதினேழு நாளாகிறது. போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

கொழும்பிலிருந்து ஒரு அமைப்பின் ஆட்கள் வந்து, யுத்தத்தில் வீட்டு ஆளைப் பறிகொடுத்த பிள்ளைகளைச் சேர்த்து, சுனாமிக்குத் தப்பிய பழைய சந்தைச் சுவரில் மனதில் உள்ளதை வரையச் சொன்னார்கள். காரைதீவுப் பிள்ளை வினோஜா தன் தம்பியின் புத்தகப் பையை வரைந்தாள், அவனை இழுத்துக்கொண்டு போன அன்று தெருவில் கிடந்த பை. ஹப்ஸா உன் தம்பி றினாஸை வரைந்தாள். முகம் போடவில்லை, முகம் வரையாத நம் வழக்கத்துக்காக விட்டுவிட்டாள் என்று நினைத்தேன். இடுப்பில் சாரம், தோளில் மண்வெட்டி, மஞ்சள் மட்கார்ட் போட்ட அவன் சைக்கிள், அவ்வளவுதான். மூன்று வருடத்துக்கு முன் வயல் பாதையில் அவனைச் சுட்டுப்போட்ட அன்று நான் உருட்டிக்கொண்டு வந்த அதே சைக்கிள். ஊரே அடையாளம் கண்டது. அஸர் தொழுதுவிட்டு உம்மா தினமும் போய்ப் பார்த்தாள். அது சிலருக்குப் பொறுக்கவில்லை, பள்ளிவாசலில் கூட்டம் வைத்தார்கள். உருவம் ஹராம் என்றார் ஒருவர், முகமே இல்லையே என்று யாரும் கேட்கவில்லை. யார் சுட்டது என்று இனி யாராவது கிளறுவார்களோ என்ற பயம்தான் எல்லாருக்கும். பள்ளிவாசல் நிர்வாகத்தில் நம் குடிக்கு மரைக்கார் நான், என் வாயைத்தான் பார்த்தார்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா, சுண்ணாம்பு அடிக்கலாம் என்று முதல் ஆளாகக் கையைத் தூக்கினேன். உனக்கும் ஹப்ஸாவுக்கும் ஒன்றும் வரக்கூடாது என்று செய்தேன் என எழுதலாம், வெட்கமாக இருக்கிறது. பயந்தேன். மறுநாள் லுஹர் தொழுகைக்கு முன் சுவர் முழுக்க வெள்ளை. வினோஜாவின் பையும் போனது, அந்தப் பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்கவுமில்லை. மகன் மௌத்தானபோது வாய் திறக்காதவன், அவன் படத்தை அழிக்க மட்டும் கை தூக்கினேன்.

அன்று ஹப்ஸா ஒன்றுதான் சொன்னாள், வழக்கத்துக்காக மொகம் போடாம விடல்ல வாப்பா, எனக்கு றினாஸ் காக்காட மொகம் ஞாபகத்துல வருகுதில்ல என்று. வீட்டில் இருந்த அவன் போட்டோவெல்லாம் சுனாமியில் போனது, அடையாள அட்டையை அவனைச் சுட்டவர்கள் எடுத்துக்கொண்டார்கள். நீ கட்டாருக்குப் போகும்போது றினாஸோடு எடுத்த படம் ஒன்றைப் பெட்டிக்குள் வைத்தாய். இருந்தால் நம்பிக்கையான ஆளிடம் கொடுத்தனுப்பு, தபாலில் போடாதே. ஹப்ஸாவின் கையில் கொடுக்கச் சொல். தொழுகையை விடாதே, நேரத்துக்குச் சாப்பிடு, அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளைத் தருவான். படத்தை மறந்துவிடாதே மகன். அவளிடம் நான் இன்னும் சொல்லவில்லை, எனக்கும் அவன் முகம் வருகுதில்லை.

உன் வாப்பா
சீனிமுகம்மது